அணுக்கப்பலும் கரையோர மக்களும்

விஞ்ஞானத்தை எதிர்ப்பவன் பிற்போக்குவாதி. இதில் நமக்கு ஐயமில்லை. ஆனால், விஞ்ஞானத்தின் பெயரால் வரும் ஒன்றைக் குறித்து, "இதன் ஆபத்தைச் சுமப்பவன் யார்?" என வினவுவோனையும் அதே வரிசையில் நிறுத்துதல் நியாயமாகுமா?

அணுசக்தியால் ஓடும் வர்த்தகக் கப்பல்கள் புதியனவல்ல. அமெரிக்காவின் 'சவன்னா' 1962இல் ஓடத் தொடங்கிப் பத்தாண்டுகளுள் ஓய்ந்தது. யேர்மனியின் 'ஒட்டோ ஹான்' 1979இல் அணு உலையை நிறுத்திப் பின்னர் டீசல் கப்பலாயிற்று. இவ்விரண்டையும் வீழ்த்தியது விபத்தன்று, செலவுக் கணக்கே.

யப்பானின் 'முட்சு'வின் கதை வேறு. முட்சுக் குடாவிலே சிப்பி வளர்த்துச் சீவித்த தொழிலாளர் 1974 ஆகஸ்டில் படகுகளால் அக்கப்பலை மறித்தனர். பெருங்காற்றினால் படகுகள் விலகிய இரவிலே அது கடலுக்குள் நழுவிற்று. சில நாட்களுள், உலை தன் முழுவலுவில் நூற்றுக்கு இரண்டு பங்கைக்கூட எட்டாத நிலையில், காப்புச் சுவரின் இடைவெளியால் நியூத்திரன்கள் கசிந்தன. போரன் கலந்த சோற்றை அப்பி அடைக்க முயன்றனராம்! துறைக்குத் திரும்பவும் மக்கள் விடவில்லை. நாற்பது நாட்களுக்கு மேலாக அலைந்து, அரசு இறங்கிவந்து அவர்களோடு உடன்படிக்கை செய்த பின்னரே அது கரை சேர்ந்தது.

கசிவு சிறிது; எவரும் மடியவில்லை. எனவே அம்மக்கள் அறியாமையால் அஞ்சினர் என்பார் உளர். நாம் அவ்வாறு கருதவில்லை. கதிரியக்கத்தை அளக்க அவர்கள் அறியாதிருக்கலாம். கதிர்பட்டதென்ற பேச்சு எழுந்தாலே தம் சிப்பிக்குச் சந்தையில் விலையிராது என்பதை நிபுணரினும் நன்கறிந்திருந்தனர்.

நமக்கும் இஃது அயல்வீட்டுக் கதையன்று. 2021இல் 'எக்ஸ்பிரஸ் பேர்ள்' சரக்குக் கப்பல், அமிலம் கசிந்த கொள்கலனைக் கட்டாரிலும் இந்தியாவிலும் இறக்க வழியின்றி வந்து, கொழும்புக்கு அண்மையில் எரிந்து மூழ்கிற்று. பிளாஸ்டிக் மணிகள் கரையெங்கும் ஒதுங்கின. கப்பலின் உரிமையாளர் யாரென்றே அறியாத கடற்றொழிலாளி தொழிலிழந்திருந்தான். நூறு கோடி டொலர் நட்டஈடு செலுத்துமாறு உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2025இலேதான். அணுக்கப்பல்களின் நட்டஈட்டுப் பொறுப்பு பற்றி 1962இல் பிரசல்சில் எழுதப்பட்ட உடன்படிக்கையோ இன்னமும் நடைமுறைக்கு வரவில்லை.

எனினும், "வேண்டாம்" என்று கைகழுவ நம்மால் இயலாது. உலகின் கரிப்புகையில் நூற்றுக்கு மூன்று பங்களவு கப்பல்களினுடையது. அதனாலேயே அணுக்கப்பற் பேச்சு மீண்டும் எழுந்துள்ளது. கடல் உயர்ந்தால் உவர்ப்பவை சுண்ணாம்புக்கல்லின் ஊற்றை நம்பிய நமது குடாநாட்டுக் கிணறுகளன்றோ!

நாளை அத்தகைய கப்பலொன்று காங்கேசன்துறையை நாடுமாயின், நட்டஈட்டுப் பணம் முன்னரே இந்நாட்டு வங்கியில் வைப்பிலிடப்படல் வேண்டும். கரையோரக் கடற்றொழிலாளரின் சம்மதமும் பெறப்படல் வேண்டும். வல்வெட்டித்துறையிற் கட்டிய பாய்க்கப்பலாம் 'அன்னபூரணி' 1938இல் அமெரிக்கக் கரையை அடைந்தது. அவ்வூராருக்குக் கப்பலைப் பற்றி என்ன தெரியும் என்று எந்த அதிகாரியும் கேட்கமாட்டார் என நம்புகிறோம்.