கருவியும் உயிரும்: நரம்பியல் வேறுபாடு குறித்து ஒரு சித்தாந்த விசாரணை

ஆட்டிசம் உள்ள குழந்தையின் பெற்றோர் பலர், மருத்துவரின் விளக்கத்தைக் கேட்பதற்கு முன்பே, முற்பிறப்பில் செய்த வினை இப்படி வந்து விளைந்திருக்கிறது என்னும் தீர்ப்பை உறவினரிடமிருந்தோ அண்டை வீட்டாரிடமிருந்தோ கேட்டுவிடுகின்றனர். சொல்பவர் அதைச் சமய உண்மையாகவே நம்பிச் சொல்வதால், கேட்பவரால் எளிதில் மறுக்க முடிவதில்லை. வினைக்கொள்கையைத் தன் அடிப்படைகளுள் ஒன்றாகக் கொண்ட சைவ சித்தாந்தம் இத்தகைய தீர்ப்புக்கு இடம் தருகிறதா என்பதை அதன் நூல்களைக் கொண்டே ஆராய வேண்டியிருக்கிறது.

நரம்பியல் வேறுபாடு என்பது, புலன்வழி வரும் செய்திகளை மூளை வாங்குவதும் ஒழுங்குபடுத்துவதும் அவற்றுக்கு எதிர்வினை காட்டுவதும் பெரும்பான்மையோரிடம் காணப்படும் முறையிலிருந்து விலகியிருத்தலைக் குறிக்கும். ஆட்டிசமும் கற்றல் குறைபாடும் இதனுள் அடங்கும். இதைப் பிழையாகக் கொள்ளாமல் மனித இயல்பின் பன்மையாகக் கொள்ளும் கருத்து, 1990களில் ஆட்டிசம் உடையவர்களிடமிருந்தே வலுப்பெற்றது. அவர்களுள் ஒருவரான ஜிம் சின்கிளேர் 1993இல் பெற்றோரை நோக்கி எழுதிய கட்டுரையில், ஆட்டிசம் என்னும் ஓட்டுக்குள் இயல்பான குழந்தை எதுவும் ஒளிந்திருக்கவில்லை என்றும், அவ்வாறு எண்ணித் துக்கப்படுவது கண்முன் இருக்கும் குழந்தையை இல்லாததாக்குவது என்றும் வாதிட்டார்.

மெய்கண்டார் 13ஆம் நூற்றாண்டில் அருளிய சிவஞானபோதத்தின் நான்காம் நூற்பா, உயிரை அந்தக்கரணங்களிலிருந்து, அதாவது மனம், புத்தி, அகங்காரம், சித்தம் என்னும் உட்கருவிகளிலிருந்து, வேறாகப் பிரித்துக் காட்டுகிறது. உயிர் இவற்றுள் எதுவும் அன்று. ஆயினும் தன்னோடு அனாதியாக உடன்நிற்கும் ஆணவமலம் என்னும் அறிவை மறைக்கும் மாசால் மறைக்கப்பட்டிருத்தலின், இவற்றோடு கூடாமல் எதையும் அறிய வல்லதும் அன்று. ஆகவே பேச்சுவன்மையையும் நினைவாற்றலையும் கூட்டத்தில் பழகும் திறனையும் கொண்டு ஓர் உயிரின் தரத்தை அளப்பவர் கருவியையே உயிரென மயங்குகிறார். பகுத்தறிந்து தன்னைத் தானே நினைத்துக்கொள்ளும் ஆற்றலையே ஆளுமையின் இலக்கணமாக்கிய ஜான் லாக் போன்ற ஐரோப்பிய மெய்யியலார், அவ்வாற்றல் புலப்படாதவர்களை மனிதருக்கும் விலங்குக்கும் இடைப்பட்டோராக வைக்க நேர்ந்தது. சித்தாந்தத்துக்கு அந்த நெருக்கடி எழுவதில்லை. உமாபதி சிவாசாரியார் 14ஆம் நூற்றாண்டில் இயற்றிய திருவருட்பயன், மாயையிலிருந்து வரும் உடலையும் கருவிகளையும் விடியும் வரை உதவும் விளக்குக்கு ஒப்பிடுகிறது. ஒரு விளக்கின் ஒளி மற்றொன்றின் ஒளியிலிருந்து வேறுபடலாம். எந்த விளக்கும் விடியல் ஆகிவிடாது என்பதால், முழுமையான மனம் என்று ஒன்றைச் சுட்டி ஏனையவற்றைக் குறையுடையன என்று சொல்ல இந்நெறியில் அடிப்படை இல்லை.

இங்கே ஓர் ஐயம் எழலாம். உயிர் வேறு, கருவி வேறு என்றால், ஆட்டிசத்துக்கு அப்பால் வேறொரு குழந்தை இருக்கிறது என்றல்லவா ஆகும்? அப்படி ஆகாது. உயிரின் இயல்பாகச் சித்தாந்தம் கூறுவது சார்ந்ததன் வண்ணமாதல், அதாவது எதனோடு கூடுகிறதோ அதன் தன்மையாகவே நிற்றல். இப்பிறவியில் இக்கருவிகளோடு கூடி நிற்கும் உயிர் இவ்வாறே காண்கிறது, இவ்வாறே அன்பு செய்கிறது. பின்னால் மறைந்து நின்று மீட்கப்படக் காத்திருக்கும் ‘இயல்பான’ பிள்ளை சித்தாந்தத்திலும் இல்லை.

உடலும் கருவியும் வினைக்கேற்பவே அமைகின்றன என்பதை இந்நூல்கள் மறுக்கவில்லை. அதை மூடி மறைப்பது நேர்மையும் ஆகாது. ஆனால் கொள்கை அனைவருக்கும் பொதுவானது. வேகமாகப் பேசும் பிள்ளையின் நாவும், பேசாத பிள்ளையின் மௌனமும் ஒரே விதியின்கீழ் வந்தவை. ஒன்றை மட்டும் எடுத்துத் தண்டனை என்று சொல்வது கொள்கையைப் பாதியாக வெட்டுவதாகும். மேலும், வினை சடப்பொருள் ஆதலால் தானே சென்று உயிரைப் பற்றாது என்றும், அதை அறிந்து கூட்டுவிப்பவன் இறைவன் ஒருவனே என்றும் சித்தாந்தம் வலியுறுத்துகிறது. அங்ஙனமாக, இது இன்ன வினையின் பயன் என்று பிறர் குழந்தையைச் சுட்டிக் கூறுபவர், இறைவனுக்கே உரிய அறிவைத் தமக்கு உரியதாக்கிக்கொள்கிறார்.

இவ்விசாரணையில் மிகுதியும் எண்ணத்தக்கது நிர்ப்பீச தீட்சை பற்றிய பகுதி. அருணந்தி சிவாசாரியாரின் சிவஞான சித்தியார் எட்டாம் நூற்பாவில், சமய ஆசாரங்களை முழுமையாகக் கடைப்பிடிக்க இயலாத சிறுவர், வாலிசர் எனப்படும் அறிவுமுதிர்ச்சி குறைந்தோர், முதியோர், பெண்டிர், நோயுற்றோர் முதலியோருக்கு அக்கடமைகளின் சுமையை விலக்கி, வீட்டுநெறியை மட்டும் விலக்காமல் தரும் தீட்சையை எடுத்துரைக்கிறது. வாலிசர் என்பாரை இன்றைய ஆட்டிசத்தோடு ஒன்றாக்குவது பிழை. பெண்டிரை அந்த வரிசையில் வைத்தது அக்காலச் சமூகத்தின் ஏற்றத்தாழ்வு. ஆயினும், இயலாதவர்க்கு நெறியே இல்லை என்று சொல்லாமல், இயலுமாறு நெறியை வளைக்கலாம் என்ற துணிவு ஆகம மரபுக்குள்ளேயே இருந்திருக்கிறது. அது போதாது என்பதும் உண்மையே. விலக்களிப்பது தனிமனிதருக்குச் செய்யும் சலுகை, இடத்தையே அனைவருக்கும் ஏற்றதாக மாற்றுவது அனைவரையும் உள்ளடக்குதல். 1995ஆம் ஆண்டின் ஊனமுற்றோர் சட்டத்தில் இடம்பெறாத ஆட்டிசத்தையும் கற்றல் குறைபாட்டையும் சேர்த்து 21 வகைகளை ஏற்றுக்கொண்ட 2016ஆம் ஆண்டின் இந்தியச் சட்டம், இந்த இரண்டாவதையே கோருகிறது.

கோயிலில் தீபாராதனையின்போது மின்விசையால் அதிரும் முரசும் மணியும், ஒலியைக் கூர்மையாக உணரும் ஒருவருக்கு உடல்வலியாகவே இறங்கக்கூடும். தடுப்புக் கம்பிகளுக்கிடையே நெடுநேரம் நெருக்குண்டு நிற்பதும், கைகளை உதறினால் திரும்பிப் பார்க்கும் முகங்களும், வாசலில் யாரும் தடுக்காமலே ஒரு குடும்பத்தை வீட்டோடு நிறுத்திவிடுகின்றன. மறுபுறம், ‘தெய்வக் குழந்தை’ என்று கொண்டாடுவதும் துணையாகாது. எங்களுக்குப் பிறகு இவனை யார் பார்த்துக்கொள்வார் என்ற பெற்றோரின் கேள்விக்கு அந்தப் பட்டம் விடை தருவதில்லை. ஆகவே திருக்கோயில் அறங்காவலர்கள் நாள்தோறும் ஒரு பூசை வேளையையேனும் முரசொலியின்றி நடத்தவும், வரிசையில் நிற்க இயலாதோர்க்கு வேறு வழி திறக்கவும் முன்வர வேண்டும். சித்தாந்த வகுப்பு நடத்துவோர், வினையைக் கற்பிக்கும் பாடத்திலேயே பிறர் வினையைத் தீர்மானிக்கும் உரிமை எவருக்கும் இல்லை என்பதையும் சேர்த்துக் கற்பிக்க வேண்டும். இவற்றை வகுக்கும்போது ஆட்டிசம் உடையவர்களையே முதலில் கேட்க வேண்டும்.