காலாவதியானது தாள், ஆள் அல்ல!

"ஐயா, இந்தக் கட்டத்திலே என்ன எழுதட்டும்?"

பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி கேட்டாள். கையிலே ஒரு விண்ணப்பத் தாள். பெயர் எழுதியிருந்தாள், பெற்றோர் பெயர் எழுதியிருந்தாள், பிறந்த ஊர் என்ற இடத்திலே கள்ளக்குறிச்சி என்று முத்து முத்தாக எழுதியிருந்தாள். அடுத்த கட்டம், நாட்டுரிமை. அங்கே வந்ததும் பேனா நின்றுவிட்டது.

வரலாறு கற்பிப்பவன் நான். பானிபட்டுப் போர் எப்போது என்று கேட்டிருந்தால் நொடியிலே சொல்லியிருப்பேன். இந்தக் கேள்விக்கு நா எழவில்லை.

அவள் சின்னசேலத்து முகாமைச் சேர்ந்தவள். 'அகதிகள் முகாம்' என்றிருந்த பெயரை 2021-இல் தமிழ்நாடு அரசு 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று மாற்றிற்று. நல்ல காரியம். பெயர் மாறிற்று, அந்தக் கட்டம் மட்டும் மாறவில்லை! தந்தை சுவருக்கு வண்ணம் பூசும் தொழிலாளி. நம் ஊரில் எழும்பும் எத்தனையோ மாடி வீடுகள் அவர் கையால் பொலிவு பெற்றவை. அவர் பெயருக்குப் பக்கத்திலே எழுதத்தான் ஒரு நாடு இல்லை.

அவள் பாட்டி பிறந்தது அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து லயத்திலே. அந்தப் பாட்டியின் பாட்டனார், பஞ்சத்துக்குப் பயந்து, ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து கங்காணியின் பின்னே நடந்து போனவர். 1977-ஆம் ஆண்டுக் கலவரத்திலே தோட்டத்தை விட்டு வவுனியாவுக்கு ஓட்டம். 1990-இல் படகேறி இராமேசுவரம். ஆத்தூருக்கும் சின்னசேலத்துக்கும் இடையே பேருந்திலே ஒரு மணி நேரங்கூட ஆகாது. அந்தத் தொலைவைக் கடக்க அந்தக் குடும்பத்துக்கு நூறு ஆண்டுகளுக்கு மேல் பிடித்திருக்கிறது, தோழர்களே! இன்னும் 'வந்து சேர்ந்துவிட்டாய்' என்று சொல்வாரைக் காணோம்.

ஏன் காணோம்? சட்டம் என்ன சொல்கிறது?

1955-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்துக்கு 2003-இல் ஒரு திருத்தம் கொண்டுவந்தார்கள். 'சட்டவிரோதக் குடியேறி' என்ற சொல்லுக்கு அதிலே இலக்கணம் வகுத்தார்கள். உரிய கடவுச்சீட்டு இல்லாமல் நுழைந்த வெளிநாட்டவர் ஒரு வகை. உரிய சீட்டோடு வந்து, குறித்த நாள் கடந்தும் தங்கிவிட்டவர் மற்றொரு வகை. இரு வகையாரும் பதிவின் மூலமும் குடியுரிமை கேட்க இயலாது. நெடுங்காலம் வாழ்ந்ததைக் காட்டியும் கேட்க இயலாது. பத்தாண்டு வாழ்ந்தாலென்ன, நாற்பதாண்டு வாழ்ந்தாலென்ன? தாள் செத்த அன்றே அவர்கள் கேட்கும் உரிமையும் செத்தது!

இது முகாம்வாசிகளுக்கு மட்டும் வந்த இடர் அன்று. மலேசியாவுக்கும் வளைகுடாவுக்கும் அமெரிக்காவுக்கும் உழைக்கச் செல்லும் நம் இளைஞர்களையும் துரத்துவது இதே முத்திரைதான். வேலைக்கான விசா முடிந்துவிட்டது. வேலை இருக்கிறது, பிள்ளை பள்ளியிலே படிக்கிறது, நிரந்தரமாக வாழ அனுமதி வேண்டும். இப்படிக் கேட்பவனை உலகம் எப்படி நடத்துகிறது? அமெரிக்கச் சட்டம்கூட, வேலையின் பேரில் நிரந்தர உரிமை கேட்பவருள் பலருக்கு, முறையாக நுழைந்தபின் 180 நாள் வரை நிலை தவறியிருந்தாலும் விண்ணப்பிக்க இடந்தருகிறது. 1986-இல் அந்நாடு, 1982-க்கு முன்பிருந்தே அனுமதியின்றித் தங்கியிருந்தோருக்கும் வேளாண்மைக் கூலிகளுக்கும் வழி திறந்தது. ஏறத்தாழ 27 இலட்சம் பேர் நிரந்தர உரிமை பெற்றனர். அமெரிக்கா கவிழ்ந்துவிட்டதா? இல்லை!

'அது பணக்கார நாடு' என்பர் சிலர். சரி, பணக்கார நாட்டை விடுவோம். பக்கத்து இலங்கையைப் பார்ப்போம்.

1948-இல் மலையகத் தமிழரின் குடியுரிமையைப் பறித்தது கொழும்பு. 1964-இல் சிரிமாவோவும் சாஸ்திரியும் அமர்ந்து ஒப்பந்தம் போட்டார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேர் பிறகு பார்த்துக்கொள்ளலாம்! 1974-இல் அந்த மீதியையும் ஆளுக்குப் பாதி பிரித்துக்கொண்டார்கள். பங்காளிகள் பாத்திரம் பண்டம் பிரிப்பதுபோல மனிதரைப் பிரித்தார்கள். 'உனக்கு எந்த நாடு வேண்டும்?' என்று அந்த மக்களைக் கேட்ட பிறகா கணக்குப் போட்டார்கள்? கணக்கைப் போட்டுவிட்டுத்தான் ஆளைத் தேடினார்கள்! இந்தியக் கடவுச்சீட்டு வாங்கியவர்களிலே பலர், 1984-இல் தலைமன்னார்க் கப்பல் நின்றதும், தோட்டத்திலேயே தங்கிவிட்டனர். தங்கும் அனுமதி காலாவதி ஆயிற்று. கொழுந்து மட்டும் நாள்தோறும் பறித்துக்கொண்டிருந்தனர்.

2003-இல் கொழும்பு நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றிற்று. 1964 அக்டோபர் 30 முதல் அங்கே வாழ்ந்த இந்திய வழியினரும் அவர்தம் பிள்ளைகளும் குடிமக்களாகலாம். இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவரும் உறுதிமொழி எழுதிக் கொடுத்துக் குடியுரிமை பெறலாம் என்றது. அவ்வாண்டு இறுதியிலே, பத்தே நாளில், ஏறத்தாழ 1,90,000 பேர் குடியுரிமை பெற்றதாக ஐ.நா. அகதிகள் ஆணையம் அறிவித்தது.

ஆண்டைக் கவனித்தீர்களா? 2003! பறித்த நாடு திருப்பிக் கொடுத்த அதே ஆண்டிலே, புகலிடம் கொடுத்த நாடு கதவுக்குத் தாழ் போட்டது. கடலுக்கு அப்பால் தங்கிய அக்காள் குடிமகள் ஆனாள். கடல் கடந்து தாய்நாடு வந்த தங்கை சட்டவிரோதக் குடியேறி ஆனாள்! இதற்கு எந்த அறநூலிலே விளக்கம் தேடுவது?

நாம் பகுத்தறிவாளர். பிறந்த நாளையும் நாழிகையையும் பார்த்து ஒருவன் வாழ்வைக் கணிக்கும் சோதிடனைக் கண்டு நகைக்கிறோம். பிறப்பை வைத்து உயர்வு தாழ்வு சொல்லும் சாதியைக் கண்டு சீறுகிறோம். குடியுரிமைச் சட்டத்தை ஒருமுறை எடுத்துப் படியுங்கள். 1987 ஜூன் 30-ஆம் நாள் மண்டபம் முகாமிலே பிறந்த குழந்தை, பிறப்பாலேயே இந்தியக் குடிமகன். மறுநாள், அதே முகாமிலே, அதே கூரையின்கீழ்ப் பிறந்த குழந்தைக்கு, பெற்றோரில் ஒருவராவது குடிமகனாக இருக்கவேண்டும். 2004 டிசம்பர் 3 முதல் பிறந்த குழந்தைக்கோ, ஒருவர் குடிமகனாக இருந்தால் மட்டும் போதாது. மற்றவர் சட்டவிரோதக் குடியேறியாக இருக்கவும் கூடாது. சாதகக் கட்டத்தைக் கிழித்தெறிந்த நாம், சட்டப் புத்தகத்துச் சாதகத்தை மட்டும் மடியிலே வைத்துக் கொஞ்சலாமா?

என் மாணவி எந்த எல்லையைக் கடந்தாள்? எந்தப் படகிலே ஏறினாள்? அவள் இந்த நாட்டுக்குள் நுழையவே இல்லை, பிறந்தாள்! பிறந்ததா குற்றம்?

இனி, மறுப்பாளர் சொல்வதைக் கேட்போம். கேளாமல் தீர்ப்புச் சொல்வது நமது பழக்கமன்று.

'நாடு என்ன சத்திரமா?' என்கின்றனர். 2025 மே மாதத்தில், தண்டனை பெற்ற இலங்கைத் தமிழர் ஒருவரின் வழக்கிலே, உலகெங்குமுள்ள அகதிகளை ஏற்க இந்தியா ஒரு தர்மசாலை அன்று என்ற பொருளிலே உச்ச நீதிமன்றத்தில் கேட்கப்பட்டது. எல்லை வேண்டாம், விதி வேண்டாம் என்று நாமும் சொல்லவில்லை. வரிசையிலே நிற்பவனை முந்திக்கொண்டு வருபவனுக்கு முதலிடம் கொடுப்பது நேர்மையன்று என்பதும் உண்மை. ஏய்த்து வந்தவன், தீங்கு செய்தவன் உண்டானால் விசாரியுங்கள், தண்டியுங்கள்.

ஆனால் விதிமீறல் வேறு, தீமை வேறு. வரிசையைக் காட்டுங்கள், நிற்கிறோம் என்றுதான் இந்த மக்கள் கேட்கிறார்கள். அவர்களுக்கென்று வரிசையே இல்லையே! அடுத்து, சத்திரத்திலே தங்குபவன் இரண்டு நாள் தங்குவான். முப்பத்தைந்து ஆண்டு தங்கி, அந்தச் சத்திரத்துக்கே சுண்ணாம்பு அடித்து, அதிலேயே பிள்ளை பெற்று, பெற்றவளை அதன் கொல்லையிலே புதைத்தவன் வழிப்போக்கனா? கரையிலே கை நீட்டி இறக்கியவர் நாம். பெயர் பதிந்தவர் நாம். குடும்ப அட்டை கொடுத்தவர் நாம். உள்ளே அழைத்து உட்காரவைத்துச் சோறும் போட்டுவிட்டு, பேரப்பிள்ளை காலத்திலே 'ஏன் கதவைத் தட்டாமல் வந்தாய்?' என்று கேட்பது விருந்தோம்பலா, வீம்பா?

காலம் உரிமையைத் தரும் என்பது நம் சட்டத்துக்குத் தெரியாத செய்தியா? பிறர் நிலத்திலே உரிமை பாராட்டிப் பன்னிரண்டு ஆண்டு தடையின்றி இருந்துவிட்டால், உரிமையாளர் மீட்கும் வழியை அடைத்துவிடுகிறது 1963-ஆம் ஆண்டுக் காலவரம்புச் சட்டம். அரசு நிலமானாலும் முப்பது ஆண்டு! நிலத்தை வளைத்தவனுக்கே காலம் பரிந்து பேசுகிறது. நிலத்திலே வியர்வை சிந்தியவனுக்கு ஊமையாகிவிடுகிறது.

மேற்கே திரும்பிப் பாருங்கள். கல்வராயன் மலை தெரிகிறது. சாமையும் மரவள்ளியும் விளைத்து, கடுக்காய் பொறுக்கி, தலைமுறை தலைமுறையாக மலையாளிப் பழங்குடியினர் வாழும் மலை. நெடுங்காலம் ஜாகீர்தார்களின் பிடியிலே கிடந்து, 1976-இல்தான் அரசின் நேரடி ஆளுகைக்குள் வந்த மலை. அங்கே உழுபவன் பட்டா வைத்துக்கொண்டா உழுதான்? இல்லை. காட்டுச் சட்டத்தின் கண்ணுக்கு அவன் ஆக்கிரமிப்பாளன். ஆனால் 2006-இல் வன உரிமைச் சட்டம் வந்தது. 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்தே காட்டு நிலத்தை உழுதுவரும் பழங்குடியினருக்கு உரிமை உண்டு என்றது. அவர்களுக்கு வரலாற்று அநீதி இழைக்கப்பட்டது என்று தன் முகவுரையிலேயே ஒப்புக்கொண்டது. அந்த உரிமை எல்லார் கைக்கும் வந்து சேர்ந்ததா என்பது தனி வழக்கு. நான் சுட்டுவது அந்தச் சட்டத்தின் உள்ளத்தை. தாள் இல்லாதது உழவனின் குற்றமன்று, தாள் தராதது அரசின் குற்றம் என்று ஓர் அரசே எழுதிக் கையெழுத்திட்டிருக்கிறது!

மலை மேலே ஒப்புக்கொண்ட அறம், மலையடிவாரத்துச் சின்னசேலத்துக்கு இறங்கி வர ஏன் மறுக்கிறது?

சிறிது அசைந்திருக்கிறது, மறுக்கவில்லை. 2019 ஜூனிலே சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, இந்திய வழியினரான 65 முகாம்வாசிகளின் குடியுரிமைக் கோரிக்கையைப் பரிசீலிக்க வழிகாட்டிற்று. அதே ஆண்டு டிசம்பரிலே வந்த திருத்தச் சட்டமோ, பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் என்று மூன்று நாடுகளை எண்ணிவிட்டு, இலங்கையை எண்ண மறந்தது. 2025 செப்டம்பரிலே மைய அரசு, 2015 ஜனவரி 9-ஆம் நாள் வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழரைக் கடவுச்சீட்டு, விசா பற்றிய தண்டனைப் பிரிவுகளிலிருந்து விலக்கியிருக்கிறது. 'தண்டிக்கமாட்டோம்' என்பது ஆறுதல்தான். 'நீ நம்மவன்' என்பதல்லவா உரிமை! சிறைக்கு அனுப்பவில்லை என்பதும் வீட்டுக்குள் சேர்த்துக்கொண்டோம் என்பதும் ஒன்றா?

எப்படி வந்தாய் என்று கேட்கிறது சட்டம். எப்படி வாழ்ந்தாய் என்று கேட்கவேண்டும் அறம். முதற் கேள்விக்கு விடை ஒரு முத்திரையிலே இருக்கிறது; இரண்டாவது கேள்விக்கு விடை ஊராரிடம் இருக்கிறது. அந்த ஊரார் நாம்தான். ஆகவே சாட்சி சொல்லவேண்டியவரும் நாம்தான்.

மன்றங்களிலே பேசும் தோழர்கள், அடுத்த கூட்டத்துக்கு முன் ஒருமுறை உங்கள் பகுதி முகாமுக்குச் சென்று வாருங்கள். 1987 ஜூலைக்கு முன் இங்கே பிறந்தவர் இருந்தால், சட்டப்படியே அவர் குடிமகன் என்பதை எடுத்துச் சொல்லுங்கள். பிறப்புச் சான்று தேடவும் மனு எழுதவும் துணை நில்லுங்கள். மற்றவருக்காக, சட்டமன்றத்திலும் நாடாளுமன்றத்திலும் உங்கள் வாக்கைப் பெற்றவரைக் கேளுங்கள். அவர்களுக்கு வாக்கு இல்லை, உங்களுக்கு இருக்கிறது.

என் மாணவி கடைசியிலே அந்தக் கட்டத்தில் 'இலங்கை' என்று எழுதினாள். எழுதிவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"அந்த ஊர் எப்படி இருக்கும், ஐயா?"

படத்திலே காட்டினேன்.