நிலம் நடுங்கினால் அஃது யார் வினை?

2021-ஆம் ஆண்டு டிசம்பர் 22-ஆம் நாள் காலை 7 மணி 9 நிமிடத்துக்குச் சிக்கபள்ளாபுரத்துப் பக்கத்தில் நிலம் நடுங்கிற்று. ஐந்து நிமிடம் கழித்து மீண்டும் நடுங்கிற்று. ரிக்டர் அளவில் முதலாவது 2.9, இரண்டாவது 3.0. மறுநாளும் நடுக்கம் ஓயவில்லை. உயிர்ச்சேதம் யாதொன்றுமில்லை. பெங்களூரிலிருந்து ஏறக்குறைய 70 கிலோமீட்டர் தொலைவில் நடந்த இச்சிறு நிகழ்ச்சி பத்திரிகைகளில் ஒரு மூலைச் செய்தியாக வந்து மறைந்தது. அவ்வட்டாரத்துக் கிராமத்தார்க்கோ அது மூலைச் செய்தியன்று. அடுப்பில் வைத்ததை வைத்தபடி விட்டு வெளியே ஓடிவந்தவர்கள், மார்கழிப் பனியில் வாசலிலே படுத்துறங்கினார்கள்.

அந்த வாரத்து ஞாயிற்றுக்கிழமை தொம்மலூரில் எங்கள் இல்லத்தில் வழக்கம்போல் திரிசரணமும் பஞ்சசீலமும் சொல்லி முடித்துச் சிலர் பேசிக்கொண்டிருந்தோம். தையல் வேலை செய்து குடும்பத்தைத் தாங்கும் ஓர் அம்மையார் அதுவரை வாய் திறவாதிருந்தவர், திடீரென்று கேட்டார்: “ஐயா, என் தங்கை அந்தப் பக்கத்துக் கிராமத்தில்தான் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். நாலு இரவாக அவள் கண் மூடவில்லை. பூமி அசைந்தது கூட அவளுக்குப் பெரிதில்லை. இந்த ஊரில் யாரோ செய்த பாவத்தால்தான் பூமி அசைகிறது என்று பெரியவர்கள் பேசிக்கொள்ளுகிறார்களாம். பாவம் செய்தவர் யாரென்று தேடத் தொடங்கினால் முதலில் எந்தத் தெருவை நோக்கித் திரும்புவார்கள் என்பது உங்களுக்குத் தெரியாததா? நம்முடைய தம்மம் இதற்கு என்ன சொல்லுகிறது?”

அன்று நான் சொன்ன விடை சுருக்கமானது. எனக்கே மனநிறைவு தராதது. ஆதலின் இங்கே சற்று விரித்து எழுதத் துணிந்தேன்.

பெங்களூர்வாசிகளாகிய நமக்குக் காலடி நிலத்தின்மேல் ஒரு பெருநம்பிக்கை உண்டு. லால்பாக் தோட்டத்துக் கற்பாறை ஏறத்தாழ 300 கோடி ஆண்டுகள் பழைமையுடையது என்பர். தொம்மலூர்ச் சொக்கநாதர் கோயிற் கல்வெட்டுகள் இவ்வூரைத் தோம்பலூர் என்றும் தேசிமாணிக்கபட்டணம் என்றும் குறிக்கின்றன. பழங்காலத்துத் தமிழெழுத்து இன்றும் அக்கல்லில் நிற்கிறது. இத்தகைய மண் அசையுமோ என்று எண்ணுவது இயல்பே. ஆனால் 1993-ஆம் ஆண்டு செப்டம்பர் 30-ஆம் நாள் விடியுமுன், இதே தக்காணத்துப் பழம்பாறைமேல் அமைந்த லாத்தூர்ப் பகுதியில், கில்லாரி முதலிய ஊர்கள் சில விநாடிகளில் கற்குவியலாயின. ஏறக்குறைய 10,000 பேர் மாண்டனர். நம் தீபகற்பம் வடக்கே நகர்ந்து ஆசியக் கண்டத்தை ஓயாமல் நெருக்கிக்கொண்டிருக்கிறது. அந்நெருக்கத்தின் பாரம் பாறையின் பழைய விரிசல்களில் தேங்கி, ஒருநாள் தாங்கமாட்டாது நழுவுகிறது. 2021-ல் கருநாடகத்தில் பெய்த பெருமழையின் நீர் அவ்விரிசல்களில் இறங்கியதே சிற்றதிர்வுகளுக்குக் காரணம் என்று அப்போது நிபுணர்கள் விளக்கினர்.

இது விஞ்ஞானத்தின் விடை. இதில் குறையொன்றுமில்லை. ஆனால் அம்மையார் கேட்டது ‘எதனால்’ என்றன்று, ‘யாரால்’ என்றே. மக்கள் மனம் துன்பத்தின் முன்னே நிற்கும்போதெல்லாம் ‘யாரால்’ என்றே கேட்கிறது. கற்றோரும் இதற்கு விலக்கல்லர்.

1934-ஆம் ஆண்டு ஜனவரி 15-ஆம் நாள் பீகாரையும் நேபாளத்தையும் பெரும் பூகம்பம் தாக்கிற்று. 10,000 பேருக்கு மேல் இறந்தனர். அவ்வமயம் காந்தியடிகள் தீண்டாமையொழிப்புப் பிரசாரத்திற்காகத் தென்னாட்டில் சுற்றுப்பயணம் செய்துகொண்டிருந்தார். ஜனவரி 24-ஆம் நாள் திருநெல்வேலியிற் பேசுகையில், தீண்டாமை என்னும் பாவத்திற்கு ஆண்டவன் அளித்த தண்டனையே இப்பூகம்பம் என்று தாம் நம்புவதாகக் கூறினார். இரவீந்திரநாத தாகூர் இதனை ஏற்கவில்லை. இயற்கை நிகழ்ச்சிக்கு இயற்கையிலேயே காரணம் உண்டு, அதனை ஒழுக்கநெறியோடு முடிச்சிடுவது மக்களிடையே ஏற்கெனவே மலிந்துள்ள அறிவுக்கு மாறான போக்கை வளர்க்கும் என்று மறுத்தெழுதினார். காந்தியடிகள் அம்மறுப்பைத் தம்முடைய ‘ஹரிஜன்’ பத்திரிகையிலேயே வெளியிட்டார். தம் நம்பிக்கையை மாற்றிக்கொள்ளவில்லை.

இவ்வாதத்தைப் படிக்கும்போது நம்மவர்க்கு ஒரு சபலம் உண்டாதல் கூடும். எனக்கும் இளமையில் உண்டாயிற்று. தீண்டாமைக்காகப் பூமி பிளந்ததென்றால் நல்லதுதானே, நமக்கு மண்ணே சாட்சி சொல்லிற்றே என்று மகிழ்ந்தேன். பின்னர் ஒரு கேள்வி உறுத்திற்று: அவ்விடிபாடுகளிற் சிக்கி மாண்டோருள் தீண்டப்படாதோர் இலரோ? அவர்கள் எப்பாவத்திற்கு மாண்டனர்? தம்மைத் தாமே தீண்டாதிருந்த பாவத்திற்கோ? மேலும், இத்தகைய வாதம் காந்தியடிகளைவிட அவருடைய எதிரிகளுக்கே நன்கு பொருந்தும் என்று தாகூர் சுட்டியது முற்றும் உண்மை. ஆலயப் பிரவேசம் பேசியதனால்தான் பூமாதேவி சினந்தாள் என்று சனாதனிகளும் சொல்லிக்கொண்டார்களன்றோ? நடுக்கம் ஒன்றே, அதற்கு நீதிபதிகள் பலர். அவரவர் பகைவனே அவரவர் தீர்ப்பிற் குற்றவாளியாகிறான்.

இனி நம் சமயநூல் யாது கூறுகிறதென்று பார்ப்போம். மகாபரிநிப்பான சூத்திரத்தில், வைசாலி நகரத்துச் சாபாலச் சேதியத்தில் பகவான் தம் ஆயுளைத் தொடர விரும்பாது விட்டபோது பூமி அதிர்ந்ததாகவும், ஆனந்தர் அஞ்சி அதன் காரணத்தை வினவியதாகவும் ஒரு பகுதி வருகிறது. பகவான் எட்டுக் காரணங்களை எடுத்துரைக்கிறார். அவற்றுள் முதலாவது முழுதும் இயற்கை சார்ந்தது: பூமி நீரின்மேலும் நீர் காற்றின்மேலும் நிற்பதால், பெருங்காற்று அசையும்போது நீரும் நிலமும் அசைகின்றன. இன்றைய பூகர்ப்ப சாஸ்திரத்தோடு இது பொருந்தாது. பொருந்துமென்று வலிந்து உரை செய்வார் சிலர் உளர். அம்முயற்சி எனக்கு உவப்பில்லை. ஏனைய ஏழும் அற்புதங்களைச் சார்ந்தவை. சித்திபெற்ற துறவி அல்லது தேவரின் ஆற்றல், போதிசத்துவர் கருவுறுதல், பிறத்தல், ஞானமெய்தல், தம்மச்சக்கரம் உருட்டல், ஆயுளை விடுதல், பரிநிப்பானம் அடைதல் என்பன அவை. பகுத்தறிவாளர் இவற்றைப் பிற்காலப் பக்தியின் அணி என்று ஒதுக்குவர், ஒதுக்கட்டும். ஆனால் அவ்வெட்டையும் ஒருமுறைக்கு இருமுறை எண்ணிப் பாருங்கள். எட்டில் ஒன்றேனும் தண்டனையோ? பாவிகளைக் கொல்லப் பூமி நடுங்குகிறதென்று ஓரிடத்திலும் இல்லை. பூகம்பத்தைப் பற்றி ஒரு பெரும் பட்டியல் செய்தவர்கள், மிக எளிதில் நாவில் வரக்கூடிய காரணத்தை அதிற் சேர்க்கவேயில்லை.

நம்முடைய மணிமேகலைக் காவியத்தில் இந்தத் தெளிவு இல்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். மகனையிழந்த சோழன் இந்திரவிழாவை மறந்தான்; அதனாற் காவிரிப்பூம்பட்டினத்தைக் கடல் கொண்டது என்கிறது அக்கதை. மன்னன் மறதிக்கு மீனவன் வீடு போவானேன்? காவியம் நம்முடையதென்பதற்காக இக்கேள்வியைக் கேளாமல் விடலாகாது.

இன்னும் நேரான சான்று சம்யுத்த நிகாயத்தில் உண்டு. மோலியசீவகன் என்னும் பரிவிராசகன் பகவானை அணுகி, மனிதன் நுகரும் இன்ப துன்பமெல்லாம் முன்செய்த வினையின் பயனே என்று சிலர் கூறுகின்றனரே, அது சரியோ என்று வினவினான். பித்தத்தால் வரும் துன்பம் உண்டு, கபத்தால் வருவதுண்டு, வாதத்தால் வருவதுண்டு, இவை கூடி வருவதுண்டு, பருவமாறுதலால் வருவதுண்டு, தன்னைச் சரியாகப் பேணாமையால் வருவதுண்டு, பிறர் தாக்குதலால் வருவதுண்டு, வினைப்பயனாய் வருவதும் உண்டு என்று பகவான் எட்டாகப் பிரித்துக்காட்டினார். எல்லாம் முன்வினையே என்போர், தாமே அறிந்ததையும் உலகம் அறிந்ததையும் கடந்து பேசுகின்றனர் என்று முடித்தார்.

சேரியிற் பிறந்தது முன்வினை, கிணற்றில் நீர் மொள்ளத் தடை முன்வினை, கூலி குறைந்தது முன்வினை என்று தலைமுறை தலைமுறையாகக் கேட்டவர்கள் நாம். அந்தப் பேச்சை உதறியே தம்மத்தில் சரண் புகுந்தோம். பூமி நடுங்கும் நாளில் மட்டும் அதே பேச்சைப் பின்வாசல் வழியாக உள்ளே விடலாமா?

நிற்க. ‘பூகம்பம் யார் வினையுமன்று’ என்று சொல்லி இத்துடன் முடித்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. நான் பிறந்து வளர்ந்தது கோலார் தங்கவயலில். பண்டிதர் அயோத்திதாசர் 1898-ல் சென்னையில் தோற்றுவித்த சங்கத்தின் கிளை, சில ஆண்டுகளுக்குள் மாரிக்குப்பத்திலும் தோன்றிற்று என்பதை அன்பர்கள் அறிவர். அங்கே நிலநடுக்கம் எங்கோ கேட்ட செய்தியன்று, வீட்டு விருந்தாளி. ஆழத்தில் தங்கக்கல்லை வெட்டியெடுக்க எடுக்க, எஞ்சிய பாறையின்மேல் மலைப்பாரம் ஏறுகிறது. சாம்பியன் ரீப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே சென்றது. அவ்வளவு ஆழத்தில் பாரம் தாங்காது பாறை திடீரென்று வெடித்துச் சிதறும். பழைய துரைமார் இதனை ‘ஏர் பிளாஸ்ட்’ என்று எழுதினர். பின்னர் வந்தோர் பாறை வெடிப்பு என்றனர். அதிர்ச்சி மேலே குடியிருப்புவரை வந்து சுவர்களைப் பிளக்கும். அதனை அளக்க 1912-லேயே அங்கே கருவி வைத்தார்கள்.

எனக்கு எட்டு வயதிருக்கும். ஓரிரவு தரை கீழிருந்து ஓங்கி உதைத்ததுபோல் குலுங்கிற்று. பரண்மேலிருந்த பாத்திரங்களெல்லாம் உருண்டன. சிறிது நேரத்தில் சங்கு ஊதிற்று. எங்கள் எதிர்வீட்டு அக்காளின் கணவர் அன்று இரவு ஷிப்டு. எந்தச் சுரங்கம் என்பது இங்கே வேண்டியதில்லை. மறுநாள் மாலைதான் அவரை மேலே கொண்டுவந்தார்கள். துக்கம் விசாரிக்க வந்த பெண்களில் ஒருத்தி, அன்பினாலேயே, “போன ஜன்மத்தில் என்ன செய்தாயோடி, தாலி இப்படி அறுந்தது” என்று அழுதாள். அக்காள் அதுவரை அழுதுகொண்டிருந்தவள், அச்சொல்லைக் கேட்டதும் அழுகையை நிறுத்திவிட்டாள். அந்த முகம் இன்றும் என் கண்முன் நிற்கிறது. கணவனையிழந்தவள் அந்நொடியில் குற்றவாளியும் ஆனாள்.

உண்மையில் அந்நடுக்கம் வினையால் வந்ததுதான், மறுக்கவில்லை. ஆனால் யாருடைய வினை? மண்ணைக் குடைந்தது மனிதர் செயல். எவ்வளவு ஆழம் போகலாம், எந்தத் தூணை விட்டுவைக்கலாம், யாரை அந்த முனைக்கு அனுப்பலாம் என்று தீர்மானித்தது மனிதர் செயல். அத்தீர்மானம் செய்தவர்கள் வேறு; பாறைக்கடியில் நின்றவர்கள் வேறு. பகவான் சேதனையையே, அதாவது மனத்தின் எண்ணத்தையே, கம்மம் என்றார். அப்பொருளில் தேடினால் கம்மம் கணக்குப் புத்தகத்திலும் வரைபடத்திலும் அகப்படும். ஒரு விதவையின் முற்பிறப்பில் அகப்படாது. லாத்தூரிலும் பெரும்பாலோரைக் கொன்றது பூமியன்று. மண் சாந்தில் அடுக்கிய கற்சுவரும் அதன்மேல் ஏற்றிய கனத்த கூரையுமே. 2001-ஆம் ஆண்டு ஜனவரி 26-ஆம் நாள் கட்சு நாட்டுப் பூகம்பத்தில் மேலோர் வீடும் கீழோர் வீடும் ஒருசேர விழுந்தன. பின்னர் அமைத்த நிவாரண முகாம்களோ சாதிவாரியாகப் பிரிந்து நின்றன என்றும், தாழ்த்தப்பட்டோர்க்கு உதவி பிந்தியும் குறைந்தும் வந்ததென்றும் அக்காலத்து அறிக்கைகள் கூறின. பூமி செய்யாத பாகுபாட்டைச் சோற்றுப் பாத்திரம் ஏந்திய கை செய்தது. வினை என்று எதையேனும் சுட்டவேண்டுமானால் அதைச் சுட்டுவோம்.

பின்னதிர்வுகளைப் பற்றியும் ஒரு சொல். முதல் நடுக்கத்தைக் காட்டிலும் இவையே மனத்தை அதிகம் அரிக்கின்றன. அது வந்து போய்விட்டது, இவை எப்போது வருமென்று தெரியாது. ஓமோரி என்னும் ஜப்பானிய அறிஞர் 1894-ல் இவற்றின் போக்கைக் கணக்கிட்டார். நாள் செல்லச்செல்ல எண்ணிக்கை குறைகிறது. முதலில் விரைவாகவும் பிறகு மெதுவாகவும் குறைந்து, நெடுங்காலம் இழைந்துகொண்டேயிருக்கிறது. துக்கமும் ஏறக்குறைய இப்படித்தான் தணிகிறது என்று எனக்குத் தோன்றுவதுண்டு. அதற்குக் கணக்கு எழுதியவர் இலர்.

தங்கவயலில் அந்த வெடிப்புக்குப் பின் பல நாள் சிறுசிறு அதிர்ச்சிகள் வந்தவண்ணம் இருந்தன. என் தாயார் எழுத்தறியாதவர்; சூத்திரம் ஒன்றும் அறியார். பரண்மேலிருந்த கனத்த பாத்திரங்களையெல்லாம் இறக்கித் தரையில் வைத்தார். எங்கள் வீட்டில் மட்டுமன்று, எதிர்வீட்டிலும் வைத்தார். பொழுது சாய்ந்ததும் பாயைச் சுருட்டிக்கொண்டு அக்காள் வீட்டுக்குப் போய் அவள் அருகிலே படுத்துக்கொள்வார். ஒரு மாதத்துக்கு மேல் அப்படிப் போனார். அங்கே என்ன பேசிக்கொண்டீர்கள் என்று பெரியவனான பின் ஒருநாள் கேட்டேன். “பேச என்ன இருக்கு? தரை ஆடினா அவ கையைப் பிடிச்சுக்குவேன்” என்றார். சுரங்கங்கள் 2001-ல் மூடப்பட்டன. குடைந்த வெற்றிடங்களில் நீர் நிறைய, ஆளில்லாத அந்த ஆழத்தில் அதற்குப் பின்னரும் பாறை அதிர்ந்ததைக் கருவிகள் பதிவு செய்தன. அக்காளும் இன்றில்லை, என் தாயாரும் இல்லை.

தையற்கார அம்மையார்க்கு அன்று இவ்வளவும் நான் சொல்லவில்லை. பாவம் யாருடையதுமில்லை, தங்கையை இங்கே அழைத்துவந்துவிடுங்கள் என்று மட்டுமே சொன்னேன். அவர் அன்று மாலையே புறப்பட்டுப் போனார். தங்கை வர மறுத்துவிட்டாளாம். அவள் வீட்டுக்கு அடுத்தாற்போல் நடமாட முடியாத ஒரு கிழவி தனியே இருக்கிறாளாம், அவளை விட்டு எப்படி வருவது என்றாளாம். ஆகவே அம்மையாரே தையல் இயந்திரத்தைப் பூட்டிவைத்துவிட்டு, பொங்கல் கழியும்வரை அந்தக் கிராமத்தில் அவர்கள் இருவரோடும் வாசலிற் படுத்திருந்துவிட்டு வந்தார்.