மௌனமும் மறைத்தலும்

ஊர் பற்றி எரியும்போது ஒதுங்கியிருந்து நிறங்களைத் தீட்டிக்கொண்டிருப்பவன் கலைஞனா? நம் இலக்கியச் சந்திப்புகளில் அடிக்கடி எழும் கேள்வி இது. 2018 மார்ச்சில், நக்கிள்ஸ் மலைகளுக்குத் தெற்கே திகனயில் நம்மவர்களின் கடைகளும் வீடுகளும் எரிக்கப்பட்ட பின்னர் இக்கேள்வியின் கனம் கூடியிருக்கிறது. உருவமும் செய்தியும் இல்லாத கலை யாருக்கு என்று கேட்பவரின் கோபத்தில் நியாயம் உண்டு. ஆயினும் எல்லா மௌனமும் ஒன்றல்ல. ஓவியர் வி. எஸ். கெய்தொண்டேயின் வாழ்வைக் கொண்டு இதனைச் சற்று உரசிப் பார்க்கலாம்.

கெய்தொண்டே 1924இல் நாக்பூரில் பிறந்தவர். பம்பாய் ஜே. ஜே. கலைக்கல்லூரியில் பயின்று 1948இல் டிப்ளோமா பெற்றார். ஆரம்பகால ஓவியங்களில் மனித உருவங்கள் இருந்தன; போகப்போக அவை கரைந்து மறைந்தன. ஸென் பௌத்தமும், மௌனத்தையே உபதேசமாகக் கொண்ட ரமண மகரிஷியும் அவரை ஈர்த்தன. 1964இல் ரொக்ஃபெல்லர் புலமைப்பரிசில் பெற்று நியூயோர்க் சென்றார். அங்கே அரூப வெளிப்பாட்டு ஓவியத்தின் முன்னோடிகளுள் ஒருவரான மார்க் ரொத்கோவைச் சந்தித்தார். ஆனால் ‘அரூப ஓவியர்’ என்ற பட்டத்தை அவர் ஏற்கவில்லை. தமது ஓவியம் பொருள் சாராதது என்பதே அவர் நிலைப்பாடு.

அவர் வேலை செய்த முறை கவனிக்கத்தக்கது. ரோலரால் வர்ணத்தை அடுக்கடுக்காகப் பூசுவார். வர்ணம் குழைக்கும் கத்தியால் அதனைச் சுரண்டி எடுப்பார். கிழித்த தாள் துண்டுகளைத் திரையில் பதித்து உரிப்பார். பூசியது பாதி, நீக்கியது பாதி. பெரும்பகுதி நேரம் காத்திருப்பில் கழியும். ஆண்டு முழுவதும் உழைத்து ஐந்தாறு ஓவியங்களையே முடித்தார்.

நீக்குவதாலும் ஒன்றைச் சொல்ல முடியுமா? ரிவர்ஸ்டன் மலையில் மூடுபனி இறங்கினால் உச்சியில் நிற்கும் ஒளிபரப்புக் கோபுரமே காணாமல் போய்விடும். தரம் எட்டு மாணவி ஒருத்தி அந்த மலையை வரைந்தாள். முதலில் பச்சையைப் பூசி, அதன்மேல் வெள்ளையை இட்டு, ஈரத்துணியால் ஆங்காங்கே துடைத்திருந்தாள். “இதுல ஒன்டுமே இல்லையே, சேர்” என்று மற்றப் பிள்ளைகள் சிரித்தார்கள். மலை பனிக்குள் இருந்தது. கண்டதைத்தான் அவள் வரைந்திருந்தாள். நான் அதற்குத் தாராளமாகவே புள்ளியிட்டேன்.

ஆனால் இதே நியாயத்தைத் திகனவுக்குக் கொண்டுபோக முடியாது. அங்கே எரிந்த வீட்டைக் கண்டவன் வாய்மூடி இருந்துவிட்டு, “என் கலை மௌனமானது” என்றால் அது மௌனமல்ல, மறைத்தல். சாட்சியத்தை மறைப்பது பாவமென்று மார்க்கம் நமக்குக் கற்பித்திருக்கிறது. கெய்தொண்டே எந்தச் சாட்சியத்தையும் மறைக்கவில்லை. தாம் அறியாத ஒன்றை அறிந்ததுபோல் காட்டவுமில்லை. ஆகவே ஒருவனுடைய மௌனத்தை நிறுக்கும்போது இரண்டைக் கேட்க வேண்டும்: அதனால் யாருடைய உரிமையாவது மறைக்கப்படுகிறதா? அதற்காக அவன் கொடுத்த விலை என்ன?

கெய்தொண்டே கொடுத்த விலை பெரிது. 1972இல் டில்லிக்குக் குடிபெயர்ந்து, நிஸாமுத்தீன் பகுதியில் ஒரு சிறு மாடி அறையில் தனியே வாழ்ந்தார். 1984இல் ஒரு விபத்தில் காயமுற்றார். பெரிய திரைகளில் வரைய இயலாத காலத்தில் சிறு தாள்களில் மையால் வரைந்தார். 2001இல் மறைந்தார். 2013இல் மும்பையில் அவரது ஓவியம் ஒன்று 23.7 கோடி இந்திய ரூபாய்க்கு ஏலம்போனது. அந்தத் தொகை அவருடைய மௌனத்தின் மதிப்பு ஆகாது. அது சந்தையின் கணக்கு.

எழுதும் நம்மிடமும் இரண்டு வேலைகள் இருக்கின்றன. கண்ட அநீதியைத் தெளிவாக எழுதிவைக்க வேண்டும். தெளியாததைக் கூச்சலிட்டு நிரப்பாமல் காத்திருக்கவும் வேண்டும். முதலாவதைத் தட்டிக்கழிப்பதற்கு இரண்டாவதைச் சாக்காகச் சொல்லாதவரை, அந்தக் காத்திருப்பும் உழைப்பே.