பெண் மனம் கவரும் வழி எது?



சில வாரங்களுக்கு முன், ஜும்ஆ முடிந்து பள்ளியின் ஹவுளு ஓரத்தில் நின்றிருந்த நம்மிடம் ஒரு வாலிபர் தயங்கித் தயங்கி வந்தார். "ஹஜ்ரத், பெண்களைக் கவர்வது எப்படி என்று கைப்பேசியில் பாடமே நடத்துகிறார்கள். முதலில் கண்டுகொள்ளாததுபோல் நடி, பிறகு புகழ்ந்து பேசு, மறுத்தாலும் விடாதே என்கிறார்கள். இது கூடுமா?" என்றார். கேட்டாரே, அல்ஹம்துலில்லாஹ்! கேட்காமலே நடப்பவர்கள் எத்தனை பேர்!

அவருக்குச் சொன்னதையே இங்கும் சொல்கிறோம்.

மூஸா (அலை) அவர்கள் மத்யனுக்கு வந்தபோது கையில் பொருளில்லை, ஊரில் உறவில்லை. கிணற்றடியில் ஆண்கள் நெருக்கியடித்து நிற்க, இரு பெண்கள் தம் ஆடுகளைத் தடுத்துக்கொண்டு ஒதுங்கி நின்றார்கள். என்ன விஷயம் என்று கேட்டார்கள். தண்ணீர் புகட்டிக் கொடுத்தார்கள். நிழலுக்குத் திரும்பி ரப்பிடம் கையேந்தினார்கள். அவ்வளவுதான்! பேச்சை வளர்க்கவில்லை. பின்னர் அப்பெண்களில் ஒருவரே தம் தந்தையிடம், இவர் வலிமையுள்ளவர், நம்பிக்கைக்குரியவர் என்று சான்று கூறினார். தந்தையோ எட்டு ஆண்டு உழைப்பைப் பேசி, பத்தாக நிறைவு செய்வது உம் விருப்பம் என்று கூறி, மகளை மணமுடித்துத்தர முன்வந்தார். ஸூரத்துல் கஸஸில் இதனைக் காண்கிறோம். கவர்ந்தது நடிப்பா, நடத்தையா?

அப்படியானால் முகம் பாராமலே மணம் முடிக்க வேண்டுமா? இல்லை. முகீரா பின் ஷுஃபா (ரலி) அவர்கள் ஒரு பெண்ணை மணம் பேசியபோது, போய்ப் பார்த்து வாரும், உங்களிடையே அன்பு நிலைக்க அதுவே ஏற்றது என்ற கருத்தில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கூறினார்கள். பெற்றோர் முகம் சுளித்தனர். திரைக்குப் பின்னிருந்த அப்பெண்ணோ, அல்லாஹ்வின் தூதர் சொல்லியிருந்தால் பாரும் என்றார். அந்த மணம் நடந்தேறியது.

மறுத்துவிட்டால்? பரீரா (ரலி) அவர்கள் அடிமைத்தளை நீங்கியதும், அடிமையாயிருந்த கணவர் முகீஸ் (ரலி) அவர்களைப் பிரியும் உரிமை பெற்றுப் பிரிந்தார்கள். முகீஸோ தாடி நனைய அழுதபடி மதீனத்துத் தெருக்களில் பின்தொடர்ந்தார். மனமிரங்கிய நாயகம் (ஸல்) அவர்கள் பரீராவிடம் பேசினார்கள். இது கட்டளையா என்று அவர் கேட்க, இல்லை, பரிந்துரைதான் என்றார்கள். அப்படியானால் அவர் எனக்குத் தேவையில்லை என்றார் பரீரா. பேச்சு அத்துடன் முடிந்தது. அல்லாஹ்வின் தூதரே ஒரு பெண்ணின் 'வேண்டாம்' என்ற சொல்லை ஏற்றார்கள் என்றால், விடாதே, துரத்து என்று சொல்ல இவர்கள் யார்?

பெற்றோர்களே! உங்களுக்கும் ஒரு சொல். பெண்ணைப் பார்க்க வருபவரிடம், எங்கள் குடும்பத்தில் வழக்கமில்லை என்கிறோம். மஹர் கொடுக்க வேண்டியவன் கைக்கூலி கேட்க, குமர்கள் வீட்டிலே காத்திருக்கிறார்கள். முன்வாசலை நாமே அடைத்துவிட்டு, பிள்ளைகள் கொல்லைப்புறம் தேடுகிறார்கள் என்று புலம்பி என்ன பயன்?

"ஒளிவு மறைவு வேண்டாம். கைக்கூலி கேளாதீர். வாசல் வழியே போய் ஸலாம் சொல்லிக் கேளுங்கள். மறுத்தால் துஆச் செய்துவிட்டுத் திரும்புங்கள்" என்றோம். வாலிபர் தலை குனிந்து, "அத்தாவிடம் யார் பேசுவது ஹஜ்ரத்?" என்றார். "நாம் வருகிறோம்" என்றோம்.

அல்லாஹ் நம் பிள்ளைகளுக்கு ஹலாலை எளிதாக்கி, ஹராமைத் தூரமாக்குவானாக! ஆமீன்.