பழைய வண்டியும் புதிய கம்பிகளும்

ஒரு பொருளின் உறுப்புகளை ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே போனால், எந்த இடத்தில் அது பழைய பொருளாக இருப்பதை விட்டுவிடுகிறது? ஏதென்ஸ் நகரத்தார் தீசியஸின் கப்பலில் உளுத்த பலகைகளை நீக்கிப் புதிய பலகைகளைப் பொருத்தி வந்தார்கள் என்றும், அது அதே கப்பல்தானா என்று அறிஞர்கள் இரு பிரிவாகி வாதிட்டார்கள் என்றும் புளூட்டார்க் எழுதியிருக்கிறார். பதினேழாம் நூற்றாண்டில் தாமஸ் ஹாப்ஸ் அந்த வாதத்தில் இன்னொரு முடிச்சையும் போட்டார்: கழற்றிய பழைய பலகைகளையெல்லாம் ஒருவன் சேர்த்து வைத்து, அவற்றைக் கொண்டே ஒரு கப்பலைக் கட்டிவிட்டால், இரண்டில் எது தீசியஸின் கப்பல்?

நம் மதரஸாக்களில் தர்க்கக் கலையின் தொடக்கப் பாடமாக ஓதப்படும் ‘ஈஸாகூஜி’ இதற்கு ஒரு கருவியைத் தருகிறது. ஒரு பொருளின் உள்ளமைந்த இயல்பு ‘தாத்தீ’. அதன்மேல் வந்து சேரும் இயல்பு ‘அரளீ’. மனிதனுக்கு அறிவோடு பேசும் ஆற்றல் முன்னதற்கும், சிரிப்பு பின்னதற்கும் எடுத்துக்காட்டுகள். சிரிக்காதவனும் மனிதனே. ஆனால் இந்த அளவுகோலை ஒரு மோட்டார் சைக்கிளின் மேல் வைத்துப் பார்த்தால் என்ன ஆகிறது?

இது வெறும் ஏட்டு வினா அன்று. நம்மிடம் ஓதிய இளைஞர் ஒருவர், மறைந்த தம் தந்தையாரின் 1971-ஆம் ஆண்டுப் புல்லட்டைத் தாமே பிரித்துக் கட்டினார். அதற்கு முன் அவர் எந்த வண்டியையும் பிரித்தவர் அல்லர். சிலிண்டரைப் போர் செய்து ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டார். துருவேறிய ரிம்களையும் ஸ்போக்குகளையும் மாற்றினார். மட்கார்டுகளைக் குறுக்கினார், இரட்டை இருக்கையை எடுத்துவிட்டு ஒற்றை இருக்கை வைத்தார். வயரிங் முழுவதையும் பிடுங்கிப் புதிதாக இழுத்தார். வேலை முடிந்த அன்று அவர் தாயார் வாசலில் நின்று வண்டியின் ஓசையைக் கேட்டுவிட்டு, ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டாராம். “ஹஜ்ரத், இது இப்போதும் வாப்பாவின் வண்டிதானா?” என்று அவர் நம்மிடம் கேட்டபோது, அந்தக் கேள்வி கிரேக்கக் கப்பலைவிடப் பெரிதாக இருந்தது.

அரசாங்கத்தைக் கேட்டால் அதற்கு உடனடி விடை உண்டு. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, உற்பத்தியாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியைத் திருத்துவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. 2021-இல் வந்த பழம்பெரும் வாகன விதிகளோ, முதற்பதிவிலிருந்து ஐம்பது ஆண்டு கடந்து, சட்டகத்திலும் எஞ்சினிலும் பெருமாற்றம் காணாத வண்டிக்குத் தனிப் பதிவு வழங்குகின்றன. ஆக, சட்டத்தின் கண்ணில் ‘தாத்தீ’ என்பது சட்டகமும் எஞ்சினும்தான், ஏனையவை ‘அரளீ’. திருட்டு வண்டியைக் கண்டுபிடிக்க இது போதும். அந்த அம்மையாருக்கு இது விடையாகுமா?

புல்லட்டின் வரலாறே இதில் ஒரு வேடிக்கை. இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்தில் பிறந்த வண்டி அது. 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனத்தாரோடு கூட்டு ஏற்பட்டு, சென்னைத் திருவொற்றியூரில் முதலில் வந்திறங்கிய பாகங்களைப் பூட்டியும், பின்னர் பாகங்களை இங்கேயே வார்த்தும் செய்யத் தொடங்கினார்கள். 1970-ஆம் ஆண்டளவில் இங்கிலாந்தில் உற்பத்தி நின்றேபோயிற்று, இங்கே நிற்கவில்லை. பலகைகள் மட்டுமல்ல, துறைமுகமே மாறிவிட்ட கப்பல்!

எனவே, மாற்றுவதே குற்றம் என்ற கட்சியில் நாம் இல்லை. எப்படி மாற்றுகிறோம் என்பதில்தான் நம் கவலையெல்லாம். அதைக் காட்டிக்கொடுப்பது பளபளக்கும் டேங்க் அன்று. யாரும் பார்க்காத வயரிங்தான்.

பழைய புல்லட்டின் முகப்பு விளக்கைச் சுற்றிய கூட்டை எல்லாரும் அறிவர். இரு பக்கமும் இரண்டு சிறு விளக்குகள், மேலே வேகமானி, அம்மீட்டர். வண்டியின் மின்கம்பிகளில் பெரும்பகுதி அந்தக் கூட்டுக்குள் வந்துதான் கூடுகின்றன. முதன்முதலாக வண்டி கட்டுகிறவர் பெரும்பாலும் அழகுக்காக அதைத்தான் முதலில் கழற்றுகிறார். கழற்றியபின் அத்தனை கம்பிகளும் போக்கிடம் இன்றித் தொங்கும்போதுதான், அந்தக் கூடு அழகுக்கு மட்டும் இருந்ததன்று என்பது தெரியவரும்.

பழைய வண்டி 6 வோல்ட். அதை 12 வோல்ட்டாக்குவது நியாயமான திருத்தமே. 36 வாட் விளக்கு 6 வோல்ட்டில் 6 ஆம்பியர் இழுக்கும். 12 வோல்ட்டில் 3 ஆம்பியர் போதும். மின்னோட்டம் பாதியானால் அதே கம்பியில் வெப்பமாக வீணாவது நான்கில் ஒரு பங்காகிவிடும். ஆனால் பேட்டரியை மட்டும் மாற்றினால் ஆகாது. பல்பு, ஹாரன், காயில், ரெகுலேட்டர் எல்லாம் அதற்கு இசைய வேண்டும். அடுத்தது எர்த். வண்டியின் சட்டகமே மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும் வழி. சட்டகத்துக்குப் பவுடர் கோட்டிங் கொடுத்து, அந்தப் பூச்சின் மேலேயே எர்த் கம்பியை முடுக்கிவிட்டு, விளக்கு ஏன் மங்குகிறது என்று வாரக்கணக்கில் தேடியவர்கள் உண்டு. இரும்பு தெரியச் சுரண்டிவிட்டு முடுக்கினால் தீரும் நோய் அது. ஹேண்டில் திரும்பும் கழுத்தில் கம்பியைத் தளர்வாக விட வேண்டும். இழுத்துக் கட்டினால் நாளடைவில் உறை கிழிந்து சட்டகத்தில் பட்டுவிடும். ஃபியூஸ் இல்லையேல் பெட்ரோல் டேங்கின் அடியில் தீப்பொறி. இங்கே கவனக்குறைவின் விலை ஓர் உயிராகவும் இருக்கலாம்.

இவற்றினும் நம்மைச் சிந்திக்க வைத்தது நிறம். புதிதாகக் கட்டுகிறவர் பலர் கடையில் ஒரே கறுப்புக் கம்பிச் சுருளை வாங்கி வண்டி முழுவதும் இழுத்துவிடுகிறார்கள். மலிவு, பார்வைக்கும் ஒழுங்கு. இழுத்தவருக்கு எது எங்கே போகிறது என்று நினைவிருக்கும். பத்தாண்டு கழித்து, ஏதோ ஓர் ஊரில், மழை பெய்யும் இரவில் அதைத் திறக்கும் மெக்கானிக் என்ன செய்வார்? பழைய தொழிற்சாலை ஒவ்வொரு வேலைக்கும் ஒவ்வொரு நிறம் வைத்தது, முகம் அறியாத அந்த மனிதருக்காகத்தான். எழுத்துகளுக்குப் புள்ளியும் குறியும் இடாமல் எழுதிய அரபுச் சுவடியை எழுதியவர் எளிதில் ஓதிவிடுவார், பின்வருவோர் தடுமாறுவர். ஆகவேதான் முன்னோர் புள்ளியும் ஹரகத்தும் இட்டார்கள்.

இந்த இடத்தில்தான் நம் மாணவரின் கேள்விக்கு நமக்கு ஒரு வழி தென்பட்டது. ‘அது அதுதானா’ என்று பொருளைக் கேட்பதைவிட, ‘மாற்றியவர் யாருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்’ என்று கேட்பது மேல். அவருக்கு முன்னே தந்தையார் இருந்தார். அவருக்குப் பின்னே இன்னொருவர் வருவார். வண்டி இடையில் அவர் கையில் இருக்கும் அமானிதம். அவர் நிறம் பிரித்துக் கம்பி இழுத்திருந்தார். எந்த நிறம் எங்கே என்று படம் வரைந்து இருக்கையின் அடியில் வைத்திருந்தார். கழற்றிய முகப்புக் கூட்டையும் மட்கார்டுகளையும் எண்ணெய் தடவிச் சாக்கில் கட்டிப் பரணில் ஏற்றியிருந்தார். வேண்டும்போது பழைய உருவுக்குத் திரும்பலாம். அது தந்தையாரின் வண்டிதான் என்று நாம் அவருக்குத் தயங்காமல் சொன்னோம். தாயாரின் மௌனத்துக்கு அந்தச் சொல் மருந்தாயிற்றா என்பது வேறு.

சட்டகத்தின் பின்வளையத்தையே அறுத்தெறிந்து தட்டை இருக்கை வைக்கிறவர்களைப் பற்றி நாம் அப்படிச் சொல்ல மாட்டோம். கம்பியை நாளை மாற்றலாம். அறுத்த இரும்பைப் பற்றவைத்தாலும் தழும்பும் பலவீனமும் நிற்கும். அதைவிடக் கொடியது, வேறொரு எஞ்சினைப் பூட்டி, எண்ணை உளியால் திருத்தி, ‘கம்பெனி அசல்’ என்று விற்பது. விற்கும் பொருளின் குறையைச் சொல்லாமல் மறைப்பது பற்றி நம் பிக்ஹு நூல்கள் விரிவாகவே பேசுகின்றன. அவை தானியத்தையும் கால்நடையையும் எடுத்துக்காட்டின என்பதற்காக மோட்டார் சைக்கிள் விலகிவிடாது. வாங்குகிறவர் டேங்கின் பளபளப்பைத்தான் பார்ப்பார். அதைத் தூக்கிக் கீழே இருப்பதைக் காட்டவேண்டியவர் விற்கிறவரே.