யாருடைய பிள்ளை?

எங்கள் வீட்டில் 'பாபநாசம்' படத்தை மூன்று தடவை பார்த்துவிட்டோம். ஐ.ஜி. கீதா பிரபாகர் திரையில் தோன்றும்போதெல்லாம் யாராவது ஒருவர் ஏசுவார். ஜீத்து ஜோசப் 2013இல் மலையாளத்தில் எடுத்து, 2015இல் தானே தமிழிலும் இயக்கிய கதை இது. இரண்டிலும் கீதாவாக நடித்தவர் ஆஷா சரத். 2017இல் 'தர்மயுத்தய' என்று நமது நாட்டில் சிங்களத்திலும் வந்தது.

ஏசுவதற்குக் காரணம் உண்டு. சட்டத்தைக் காக்க வேண்டிய அதிகாரி, மகன் காணாமல் போனதும் ஒரு சிறுமியை அடித்து உண்மையை வரவழைக்க இடம் கொடுக்கிறார். கடைசியில் கணவரோடு வந்து, மகனைப் பற்றி ஒரு வார்த்தையாவது கிடைக்காதா என்று நிற்பவரும் அவர்தான். ஒரே பெண்ணுக்குள் இத்தனை முரணா என்று கேட்கிறோம்.

மறுபக்கம் ராணி. அவளும் மகளும் பிணத்தைப் புதைத்தார்கள். குடும்பமே பொய்யை மனனம் செய்தது. அது பிடிபடக் கூடாதென்று நாங்கள் துஆக் கேட்காத குறைதான். செல்வி தன் மானத்தைக் காக்க அடித்தாள். ஆகவே இருவரையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. ஆனாலும் பிள்ளையைத் தேடும் ஒரு தாய்க்கு உண்மை மறைக்கப்பட்டதே, அது எங்களை உறுத்தவில்லை. கீதாவிடம் நான் கண்ட முரண் உண்மையில் முரணல்ல. 'என் பிள்ளை' என்ற ஒரே அளவுகோலை அவர் கடைசிவரை மாற்றவில்லை. ராணியிடமும் அதே அளவுகோல்தான்.

இதை எழுதும் தகுதி எனக்கு உண்டா தெரியவில்லை. சில வருடங்களுக்கு முன், பாலாவி–கல்பிட்டி வீதியில் உப்பளத் தொழிலாளி ஒருவரை மோட்டார் சைக்கிள் மோதிவிட்டுப் போனது. ஓட்டியது என் ராத்தாவின் மகன். "தம்பி, அவன் அண்டைக்கு ஒங்கட வீட்டதான் இருந்த எண்டு ஒரு சொல்லுச் சொன்னாப் போதும்" என்று ராத்தா அழுதார். அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்புதான், இதேபோல் மோதிய வேறொருவர் வீட்டுப் பையனைப் பொலிஸில் ஒப்படைக்க வேண்டுமென்று பள்ளிவாசல் முற்றத்தில் உரத்துப் பேசியிருந்தேன்.

நான் பொய் சொல்லவில்லை. உண்மையையும் சொல்லவில்லை. விசாரிக்க வந்தவர்களிடம் அன்று நான் ஊரில் இல்லை என்றேன், அது உண்மைதான். ஆனால் மருமகன் என்னிடம் அழுதுகொண்டே எல்லாம் ஒப்புவித்திருந்தான். அதை அவர்கள் கேட்கவில்லை, நான் சொல்லவுமில்லை.

உங்களுக்கோ பெற்றோருக்கோ உறவினருக்கோ பாதகமாக இருந்தாலும் நீதிக்குச் சாட்சியாக நில்லுங்கள் என்பது சூரா அந்நிஸாவின் 135ஆம் வசனத்தின் கருத்து. சாட்சியத்தை மறைப்பவரின் உள்ளம் பாவத்துக்குள்ளாகிறது என்பது அல்பகராவின் 283ஆம் வசனத்தில் வருகிறது. இரண்டையும் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுத்தவன் நான்.

அந்தத் தொழிலாளி இப்போதும் காலை இழுத்து இழுத்து உப்பளத்துக்குப் போகிறார். வழியில் கண்டால் ஸலாம் சொல்கிறார். பதில் சொல்கிறேன். அன்றிலிருந்து கீதாவை ஏசுவதை மட்டும் நிறுத்தியிருக்கிறேன். அது போதாது என்பதும் தெரிகிறது.